மாட்டாமல் விட்ட ஒன்பது

காலை எட்டு மணி ஆவதற்குள்ளேயே ஜார்லத் மல்விக்கு அந்த நாள் அலுத்துவிட்டது. டிரம்லாரா மேட்டுச் சாலையில் மட்டும் நாற்பத்தோரு வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் பச்சைத் தபால் வண்டியை நிறுத்தி, இறங்கி, கேட்டைத் திறந்து, நாயைச் சமாளித்து, கடிதத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். மே மாதம் என்று பெயர்தான், மழை விட்டபாடில்லை. பழைய முழங்கால் வேறு, இறங்கும்போது ஒரு தரமும் ஏறும்போது ஒரு தரமும் வலித்துத் தன் இருப்பைக் காட்டிக்கொண்டது.

முதல் வீட்டில் கிழவர் ஹூபர்ட் ரீகன் கதவைத் திறந்தார். நீட்டிய கவரை வாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"ஜார்லத், ரெண்டு மூணு எவ்வளவுப்பா?"

"ஆறு, ஹூபர்ட்."

"நிச்சயமாவா? விரல் விட்டுப் பாத்துச் சொல்லு."

"ஆறுதான். இந்தாங்க, ஆஸ்பத்திரிலேருந்து வந்திருக்கு."

ஹூபர்ட் நல்ல மனுஷர். பனிக்காலத்தில் இவனுடைய வண்டி பள்ளத்தில் இறங்கியபோது டிராக்டரை எடுத்துவந்து இழுத்துவிட்டவர். ஆனாலும் இருபது வருஷமாக, ஞாயிறும் பண்டிகையும் போக, தினம் இதே கேள்விதான். அடுத்த வீட்டில் இதையே வேறு மாதிரி கேட்பார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு யாரோ வாய்ப்பாட்டை அட்டையில் எழுதி அவன் வண்டிக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார்கள். மகள் பிறந்து ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாதிரியார், "குழந்தை ஒண்ணுதானே ஜார்லத்? சரியா எண்ணிட்டியா?" என்றார். சர்ச் முழுக்கச் சிரிப்பு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவனும் சிரித்தான். சிரித்துச் சிரித்தே கன்னம் மரத்துப்போன மனுஷன் அவன்.

எல்லாம் ஒரே ஒரு பாயின்ட்டால் வந்தது.

டிரம்லாரா கால்பந்து கிளப் தன் ஆயுசில் ஆடிய கவுன்ட்டி இறுதி ஆட்டம், அதாவது மாவட்டக் கோப்பைக்கான இறுதி ஆட்டம், அது ஒன்றுதான். எதிரே பக்கத்து ஊர் கிளன்வாரா. சர்ச்சும் பள்ளிக்கூடமும் வேறு, நடுவில் ஓடும் ஆறு மட்டும் ஒன்று, பகை தலைமுறை தலைமுறையாக வருவது. அன்றைக்கு ஜார்லத்துக்கு இருபத்தாறு வயது. ஃப்ரீ கிக் அடிப்பதில் கவுன்ட்டியிலேயே அவனுக்கு ஈடு கிடையாது என்று எதிராளிகளே ஒப்புக்கொண்ட காலம். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கையில் கிளன்வாராவின் உல்டன் மெகிரைல் முழங்கையால் இவன் விலாவில் ஒன்று வைத்தான். ஜார்லத் மைதானத்தின் ஓரத்தில் மூச்சு வராமல் குப்புறக் கிடந்தான். ரெஃபரி அதைப் பார்க்கவில்லை, ஆட்டம் இவனைத் தாண்டிப் போய்விட்டது. காது அடைத்துப்போய் எதுவும் கேட்கவில்லை என்றுதான் பிற்பாடு அவன் சொல்லி வந்தான்.

எழுந்து நொண்டிக்கொண்டு வந்தவனுக்குக் கடைசி நிமிஷத்தில் ஃப்ரீ கிக் கிடைத்தது. கோலுக்கு நேர் எதிரே, இருபது மீட்டர் தூரத்தில். பந்தைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து ஸ்கோர் போர்டைப் பார்த்தான்.

அந்த நாட்டுக் கால்பந்து ஆட்டத்துப் போர்டில் கோல்கள் தனி, பாயின்ட்டுகள் தனி. கூட்டி மொத்தம் இவ்வளவு என்று எங்கும் மாட்டிவைக்க மாட்டார்கள். பந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே உள்ள குறுக்குக் கட்டைக்குக் கீழே வலையில் விழுந்தால் கோல், அதற்கு மூன்று. கட்டைக்கு மேலே போனால் பாயின்ட், அதற்கு ஒன்று. கூட்டல் அவரவர் மண்டைக்குள் நடக்க வேண்டியது. அந்த ஊர்களில் பால்குடி மறக்காத பிள்ளைகூட அந்தக் கூட்டலைப் போட்டுவிடும். ஜார்லத்தும் போட்டான். கிளன்வாராவுக்கு இரண்டு கோல், எட்டு பாயின்ட், ஆகப் பதினான்கு. டிரம்லாராவுக்குக் கோல் இல்லை, பாயின்ட் பதின்மூன்று. ஒன்று அடித்தால் சமம். சமமானால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆடலாம்.

பூப்போலத் தூக்கி அடித்தான். பந்து கட்டைக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கும் நட்ட நடுவில் போனது. கம்பத்தோரம் நின்ற அம்பயர் பாயின்ட்டுக்கான வெள்ளைக் கொடியைத் தூக்கினார், ரெஃபரி நீளமாக விசில் ஊதினார். ஜார்லத் முஷ்டியை உயர்த்திக் குதித்தான். அது போதாதென்று, விலாவில் இடித்த உல்டனின் தோளில் தட்டி, "அடுத்த ஞாயிறு பாப்போம்டா" என்றும் சொல்லிவைத்தான். உல்டன் அவனை வினோதமாகப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கிளன்வாராக்காரர்கள் வேலியைத் தாண்டி ஓடிவந்து அவர்களுடைய ஆட்களைத் தோளில் தூக்கினார்கள். சமமாக முடிந்த ஆட்டத்துக்கு யாரும் தோளில் தூக்குவதில்லையே என்று ஜார்லத் திரும்பிப் போர்டைப் பார்த்தான். ஏணியில் நின்றிருந்த மலாக்கி டோலன் அப்போதுதான் எட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு ஒன்பதை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஜார்லத் தரையில் கிடந்த நேரத்தில் கிளன்வாரா ஒரு பாயின்ட் போட்டிருக்கிறது. வேண்டியிருந்தது கோல், அவன் அடித்தது பாயின்ட். ஒன்றில் போய்விட்டது கப்பு.

உடை மாற்றும் அறையில் எல்லாரும் சூழ்ந்துகொண்டு ஏன் என்று கேட்டார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தான். கதவோரத்தில் மலாக்கி நின்றிருந்தார், தொப்பி கையில், முகத்தில் ஈயாடவில்லை. கவுன்ட்டி மைதானத்தில் போர்டுக்கு ஆள் அனுப்பும் முறை அந்த வருஷம் டிரம்லாராவுடையது, அதனால்தான் அவர் அந்த ஏணியில் நின்றார். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர். கிளப்தான் அவருக்குக் குடும்பம், அந்த ஏணிதான் அவருக்குப் பட்டம் பதவி எல்லாம். உண்மையைச் சொன்னால் அதையும் பிடுங்கிவிடுவார்கள். ஜார்லத், "தப்பாக் கூட்டிட்டேன்" என்றான்.

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது. அந்தக் குளிர்காலத்தில் கவுன்ட்டி அணிக்கு அவனைக் கூப்பிட்டுக் கடிதம் வரும் என்று இருந்தது, வரவில்லை. வந்திருந்தால் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தன் வீட்டிலேயே கொடுத்திருக்க வேண்டியவனும் அவன்தான். மறு வருஷம் ஆட்டத்தை விட்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று யாராவது சொன்னால் மட்டும் அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சூடு பிறக்கும். ஒரு நல்ல மனுஷரைக் காப்பாற்றியிருக்கிறோம் என்ற அந்தச் சூட்டில்தான் இருபது வருஷத்தையும் ஓட்டினான்.

கடைசி வீடு அட்ராக்டா கில்ஹூலியுடையது. பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், கிளப்புக்கு முப்பது வருஷமாகச் செயலாளர். ஊர் அவனைச் சீண்டும்போதெல்லாம் தன் பாடத்துக்கும் சேர்த்து அடி விழுகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்.

"உள்ள வா. டீ போட்டிருக்கேன்."

"நேரமில்ல டீச்சர்."

"தபால் எங்கயும் ஓடிப்போகாது. உக்காரு."

ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே சொன்னார். கிளப்புக்குத் தொண்ணூறு வயது நிறைகிறது. புத்தகம் போடுகிறார்கள். அதில் மறக்க முடியாத பாயின்ட்டுகள் என்று ஒரு பகுதி, பன்னிரண்டு பாயின்ட்டுகள். புயலில் அறுபது மீட்டரிலிருந்து அடித்தது, ஷூ கழன்று வெறுங்காலால் அடித்தது, கல்யாணத்தன்று மாப்பிள்ளை கோட்டோடு வந்து அடித்தது என்று பதினொன்று தயார். மேஜையில் கிடந்த தாளை அவன் பக்கம் திருப்பினார். பன்னிரண்டாவதுக்குத் தலைப்பு மட்டும் இருந்தது: "கப்பைக் கைவிட்ட பாயின்ட்."

"உன் வாயால ஒரு நாலு வரி வேணும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. சனிக்கிழமை ஓட்டல்ல விருந்து. நீயே எழுந்து படிச்சிடு. உல்டன் மெகிரைல் வர்றான் தெரியுமில்ல? அவன் பங்கை அவன் சொல்லுவான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

ஜார்லத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தன்னைப் பற்றிக் கவலை வரவில்லை, அது எப்போதோ தேய்ந்துவிட்டது. போன ஞாயிறுதான் நினைவுக்கு வந்தது. மகள் ப்ரோனாவுக்குப் பதினாறு வயது, டிரம்லாரா பெண்கள் அணியில் ஃப்ரீ கிக் அடிப்பவள். கிளன்வாராவோடு ஆட்டம். பந்தை வைத்துவிட்டு அவள் பின்னால் நகர்ந்தபோது எதிர் அணிப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, "ரெண்டு மூணு எவ்வளவு?" என்று கத்தினார்கள். பந்து கம்பத்துக்கு வெளியே போனது. வீட்டுக்கு வந்து, இனி ஆடமாட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்கள் யாரும் அந்த இறுதி ஆட்டத்தன்று பிறந்திருக்கவில்லை. வாய்வழியாக வந்ததற்கே இந்தக் கதி. அச்சில் ஏறிவிட்டால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் அழியாது.

"நாளைக்குச் சொல்றேன் டீச்சர்."

"நாளைக்குத்தான், அதுக்கு மேல தாங்காது."

மத்தியானம் வீட்டில் டிம்ப்னா காலைத் தூக்கி நாற்காலியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதியோர் இல்லத்தில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவள். கடலோரத்து வேறு கவுன்ட்டிக்காரி. எட்டா ஒன்பதா என்ற சமாச்சாரம் இவன் வாயால் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். புத்தக விஷயத்தைச் சொன்னான்.

"அந்தாளு தப்ப நீ எதுக்குச் சுமக்கணும்? கல்யாணத்துக்கு முன்னாடியே கேட்டேன், இன்னிக்கும் கேக்கறேன்."

"அவருக்கு வேற என்ன இருக்கு டிம்ப்னா?"

"உனக்கு மட்டும் என்ன இருக்கு? ஒரு பொண்ணு இருக்கு. ஸ்கூல் விட்டு வந்தா அவ பாட்டுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ரூமுக்குள்ள அடஞ்சு கிடக்கா. போய்ச் சொல்லித் தொலை. இல்லன்னா இந்தப் பேச்ச இந்த வீட்டுல இனிமே எடுக்காத. எனக்கும் அலுத்துப்போச்சு."

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு மனுஷனை அச்சில் காட்டிக் கொடுப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முறை. ஜார்லத் வண்டியை எடுத்துக்கொண்டு கிளப் மைதானத்துக்குப் போனான்.

எழுபத்தைந்து வயதில் மலாக்கி டோலன் கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மழை பெய்து சுண்ணாம்பு கரையும் என்று தெரிந்தே, நாள் தவறாமல் போடுகிறவர். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"வாப்பா. முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்கு. மலாக்கி, அந்த இறுதி ஆட்டத்தப் பத்தி ஒண்ணு பேசணும்."

"எந்த ஆட்டம்னு கேக்கவே வேண்டாம். நாம ஆடுனதே ஒண்ணுதானே."

"டீச்சர் புத்தகம் போடுறாங்க."

"எங்கிட்டயும் போட்டோ கேட்டா. ஏணி மேல நிக்கற மாதிரி ஒண்ணு குடுத்தேன்."

ஜார்லத் மூச்சை இழுத்துக்கொண்டான். "நான் அடிச்சப்போ போர்டுல எட்டுதான் இருந்துச்சு."

டிம்ப்னாவைத் தவிர வேறொரு ஆளிடம் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. கிழவர் ஆடிப்போவார், உட்கார்ந்துவிடுவார், அழுதாலும் அழுவார் என்று நினைத்து, பிடித்துக்கொள்ளத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"ஆமா" என்றார் மலாக்கி. "எட்டுதான் இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ஒன்பது என் கையிலதானே இருந்துச்சு! உல்டன் உன்னை இடிச்சத ஏணி மேலேருந்து நான் ஒருத்தன்தான் பாத்தேன். நீ எழுந்திருப்பியா மாட்டியான்னு பாத்துக்கிட்டே நின்னுட்டேன். தகடு கையில இருக்கறதே மறந்துபோச்சு."

"யார்கிட்டயும் சொல்லலியே நீங்க."

"யாரு சொன்னா சொல்லலன்னு?" கிழவருக்குக் குரல் உயர்ந்தது. "திங்கக்கிழமை கமிட்டியிலயே சொல்லிட்டேன். எழுந்து நின்னு, தொப்பியக் கழட்டிக்கிட்டு, எம்மேலதான் தப்புன்னு சொன்னேன். சிரிச்சாங்க. ஜார்லத்துக்கு நல்ல வக்கீல் கிடைச்சிருக்கான்னு ஹூபர்ட் சொன்னான். அதோட புல்வெட்டி ரிப்பேரப் பத்திப் பேச ஆரம்பிச்சாச்சு. அட்ராக்டா நோட்டுலகூட எழுதியிருக்கா, போய்ப் பாரு. அப்புறம் பப்புல சொன்னேன், சர்ச் வாசல்ல சொன்னேன். பாதிரியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன், இது பாவத்துல சேராதுன்னு அனுப்பிட்டாரு."

ஜார்லத் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ போர்டையே பாக்கலன்னு நெனச்சேன்ப்பா. தப்பாக் கூட்டிட்டேன்னு நீதானே சொன்ன? நான் கதவுகிட்ட நின்னு கேட்டேனே. பாக்காதவன்கிட்ட வந்து, நீ பாத்திருந்தாலும் தப்பாத்தான் இருந்திருக்கும்னு சொல்றதா?"

"பாத்துட்டுத்தான் அடிச்சேன். உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்."

மலாக்கி சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"யார் கேட்டா உன்னை?" என்றார். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் குரலில் தெம்பில்லை. "இருபது வருஷம்! எனக்காகன்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்க வேண்டாமா?"

"ஊருல ஒருத்தரும் நம்பலியா?"

"நம்பாம என்ன? எல்லாருக்கும் தெரியும். ஆனா தகடு மாட்ட லேட்டாச்சுன்னா அதுல சிரிக்க என்ன இருக்கு? தபால்காரனுக்குக் கூட்டல் தெரியலன்னாத்தான் சிரிப்பு. உன் கத நல்லா இருந்துச்சு, அதயே வச்சுக்கிட்டாங்க."

ஜார்லத் வண்டியில் ஏறி உட்கார்ந்தான், ஆனால் கிளப்பவில்லை. அழுகை வந்தாலாவது தேவலை, அதுவும் வரவில்லை. எதைக் கையில் பொத்திவைத்துக்கொண்டு இத்தனை காலம் குளிர் தாங்கினானோ அது வெறுங்கை என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. அவன் காப்பாற்றிய மனுஷரை யாரும் தண்டிக்க நினைக்கவே இல்லை. ஹூபர்ட் அன்றைக்குக் காலையில் கேட்டதுகூட உண்மை தெரிந்து கேட்டதுதான். அவமானத்தைவிட, எல்லாம் வீண் என்பதுதான் அவனைத் துவைத்துப் போட்டது.

நான்கரைக்குப் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ப்ரோனா, அப்பா சமையலறையில் கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். "என்னப்பா, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள்.

அவன் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னான். விலாவில் பட்டது, போர்டில் இருந்த எட்டு, கையில் தகடோடு நின்ற மலாக்கி, கமிட்டியில் சிரித்தது வரைக்கும். அப்பாவுக்குக் கூட்டல் தெரியும் என்று மகளிடம் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும் என்று அவன் நம்பினான். அவள் ரொட்டியைச் சுட்டுக் கொறித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ரெஃபரி எங்க நின்னாரு?"

"பக்கத்துலதான்."

"எத்தன வித்தியாசம்னு கேட்டா அவரே சொல்லுவாரே. நாங்க கடைசி ஃப்ரீ கிக்னா எப்பவும் கேட்டுட்டுத்தான் அடிப்போம். நீ ஏம்ப்பா கேக்கல?"

ஊரில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. டிம்ப்னாவும் கேட்டதில்லை, மலாக்கியும் கேட்கவில்லை. ஜார்லத்தும் தன்னை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டுக்கொள்ளாமல் இருக்கத்தான் இத்தனை பாடும் பட்டானோ என்று அப்போது தோன்றியது.

"கீழ கிடக்கும்போது ஒரு சத்தம் கேட்டுச்சு" என்றான் மெதுவாக. "கிளன்வாராக்காரங்க பக்கத்துலேருந்து. பாயின்ட் போட்டாத்தான் அப்படிக் கத்துவாங்க."

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது. ரெஃபரி கை நீட்டினா தொடற தூரத்துல நின்னாரு. கேட்டிருந்தா ரெண்டுன்னு சொல்லியிருப்பாரு. ரெண்டுன்னா கோலுக்குத்தான் அடிக்கணும். கோல் கோட்டு மேல பதினாலு பேர் சுவர் மாதிரி நிக்கறாங்க. பாயின்ட்னா கண்ண மூடிக்கிட்டு அடிச்சுடுவேன். போர்டு ஒண்ணுன்னு சொல்லுச்சு. எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு."

"பயந்துட்டியா?"

"பயந்துட்டேன்."

சொல்லிவிட்டான். இருபது வருஷம் மலாக்கியின் பழியைச் சுமந்ததாக நினைத்துக்கொண்டிருந்தவன், சுமந்ததெல்லாம் தன்னுடையதைத்தான் என்று மகள் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள் சின்ன நிம்மதியும் இருந்தது, நாள் முழுக்க நடந்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாற்போல.

ப்ரோனா தேற்றவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தட்டில் கிடந்த துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவங்க கத்தினதாலதான் வெளிய போச்சுன்னு உங்கிட்ட சொன்னேன்" என்றாள். "அவங்க கத்தறதுக்கு முன்னாடியே எனக்கு கால் நடுங்கிச்சுப்பா."

எழுந்து தட்டைக் கழுவிவைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஜார்லத் போனை எடுத்து அட்ராக்டாவைக் கூப்பிட்டான்.

"டீச்சர், மலாக்கி சொன்னது நோட்டுல இருக்காமே."

"இருக்கு. நான்தான் எழுதினேன்."

"இருந்துமா அந்தத் தலைப்பு?"

"அந்த வருஷம் ஊர் இருந்த இருப்பு உனக்கே தெரியும். கப்பும் போச்சு. உங்கூட ஆடினவங்க ஏழு பேர் அந்தக் குளிர்காலத்துலயே வேலை தேடி பாஸ்டனுக்கு விமானம் ஏறினாங்க. சிரிக்க ஏதாவது ஒண்ணு வேணும்னு இருந்துச்சு, ஜார்லத். நீயும் கோவிச்சுக்காம ஆறு ஆறுன்னு சொல்லிக்கிட்டே இருந்தே. ஒரு தடவை கோவிச்சிருந்தா நிறுத்தியிருப்போம்." டீச்சருடைய குரல் தாழ்ந்தது. "தப்புதான். நான் ஒருத்தியாவது சொல்லியிருக்கணும். சரி, இப்ப என்ன போடட்டும்? நீ சொல்றதத்தான் போடுவேன்."

"எழுதிக்கறீங்களா?"

"சொல்லு."

"போர்டுல எட்டுதான் இருந்துச்சு. நான் கூட்டினது சரி."

"கூட்டினது சரி. ம்."

"ரெஃபரி பக்கத்துலதான் நின்னாரு. கோல் வேணும்னு சொல்லிடுவாரோன்னு பயந்து அவரக் கேக்கல."

மறுபுறம் பேனா கீறும் சத்தம் நின்றுவிட்டது.

"ஜார்லத், முதல் ரெண்டு வரியோட நிறுத்திக்கலாம். உன் பேரு சுத்தமாயிடும். சனிக்கிழமை மொத்த ஊரும் எழுந்து நின்னு கை தட்டும், உல்டன் உட்பட. நான் தட்ட வைக்கறேன்."

"தெரியும் டீச்சர்."

"இதச் சேத்துப் போட்டா யாரும் கை தட்டவும் மாட்டாங்க, சிரிக்கவும் மாட்டாங்க. என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருப்பாங்க."

"உக்காந்திருக்கட்டும்" என்றான். "சிரிச்சதும் போதும், தட்டறதும் வேணாம். எனக்கு அலுத்துப்போச்சு டீச்சர். நடந்தத மட்டும் போடுங்க."

அட்ராக்டா பெருமூச்சு விடுவது கேட்டது. "கடைசி வரிய இன்னொரு தரம் சொல்லு, மெதுவா" என்றார்.

அவன் மெதுவாகச் சொன்னான்.